பட்டு சிக்காத விளிம்பு

காஞ்சிபுரத்தில் தச்சு வேலை செய்பவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. வேறு ஊரில் ஒரு பெஞ்சோ அலமாரியோ செய்து கொடுத்தால் வாங்குபவர் ஆட்டிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், விலையைக் குறைக்கச் சொல்லிப் பார்ப்பார், அவ்வளவுதான். இங்கே பட்டுக்கடைக்காரர்கள் ஒரு பட்டுத் துண்டை எடுத்துப் பலகையின் விளிம்பு நெடுக இழுத்துக்கொண்டே போவார்கள். எங்காவது ஓர் இழை சிக்கி நின்றதென்றால் பேச்சே கிடையாது. "எடுத்துக்கினு போப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மரம் தேக்கா வேங்கையா, செய்தவர் எந்த ஊர்க் கொம்பன் என்பதெல்லாம் அந்தத் துண்டுக்குத் தெரியாது.

முசரவாக்கத்து ஏஞ்சலுக்கு அந்தத் துண்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் விற்றதெல்லாம் அந்தத் துண்டைத் தாண்டித்தான் விற்க வேண்டியிருந்தது. ஏஞ்சல் கொலுப்படி செய்பவள்.

கிறிஸ்துவச்சிக்கு எதற்குக் கொலுப்படி என்று கேட்டவர்கள் உண்டு. "படி எந்த சாமிய கேட்டுக்கினு நிக்குது? பலகை நேரா இருந்தா நிக்கும்" என்பாள். அவள் அப்பா தேவசகாயம் அடுத்தவர் கழனியில் நாற்று பறித்து, களை எடுத்து, குனிந்தபடியே வாழ்ந்து முடித்தவர். மகள் நிமிர்ந்து நிற்கும் வேலைக்குப் போகட்டும் என்று ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு அனுப்பினார். அங்கே அவள் நிமிர்ந்துதான் நின்றாள், எட்டு மணி நேரமும் ஒரே இடத்தில். பிறகு ஒருநாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அன்று வீட்டுக்குக் கிளம்பியவளின் கண்ணில் பட்டது கம்பெனிக்குப் பின்னால் மலையாகக் கிடந்த மரப்பெட்டிகள். வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்து இறங்கிய பைன் மரப் பெட்டிகள். விறகு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆணி பிடுங்கி, இழைத்து, முதலில் ஒரு ஸ்டூல் செய்தாள். ஆடியது. அடுத்தது ஆடவில்லை. அதற்கப்புறம் அவளை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

ஒரே ஒரு மனக்குறை இருந்தது, அது சின்னக் குறையும் இல்லை. அவள் செய்த படிகளை எல்லாம் வெங்கடேசன் என்ற ஃபர்னிச்சர் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போய், அடியில் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி விற்றார். ஒட்டுகிற வேலையும் அவள் தலையில்தான். ஸ்டிக்கர்களைக் கட்டாக அவளிடமே கொடுத்துவிட்டார் மகராசன். "படிய யார் செஞ்சா இன்னாமா, விக்கறது பேருதான?" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. ஊரெல்லாம் அவள் படியில் பொம்மை உட்கார்ந்திருந்தது. ஏஞ்சல் என்று ஒருத்தி இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

அப்படி இருந்தவளைத்தான் பட்டுக்கடை கமலவேணி நேரே தேடிக்கொண்டு வந்தார். தலைமுறை தலைமுறையாகத் தறியும் கடையுமாக வாழ்கிற தெலுங்குக் குடும்பம். முன்னால் கடை, பின்னால் வீடு. படி செய்வது யார் என்று வெங்கடேசனின் கடைப் பையன் வாய்தவறிச் சொல்லிவிட்டானாம். கமலவேணி கறாரான பேர்வழி, சுற்றி வளைக்கத் தெரியாது. "எதுக்கு நடுவுல ஒருத்தர்? புடவை விரிச்சு வைக்க சின்னதா ஒரு ஸ்டாண்டு செஞ்சு குடு. நல்லா இருந்தா நவராத்திரிக்குக் கடைக்கூடத்துல வைக்கற பெரிய கொலுப்படியும் நீதான்" என்றார்.

ஏஞ்சலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தக் கடைக் கொலுவைப் பார்க்க அந்தத் தெருவே வரும். அங்கே ஒருமுறை பேர் எடுத்துவிட்டால் போதும், வெங்கடேசனின் ஸ்டிக்கருக்குக் கும்பிடு போட்டுவிடலாம்.

ஸ்டாண்டு அழகாகத்தான் வந்தது. ஆனால் பைன் மரத்தின் விளிம்பு இருக்கிறதே, அது ஒரு வம்புக்கார ஜாதி. இழைப்புளி போட்டாலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும், எங்காவது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிராய் நீட்டிக்கொண்டு நிற்கும். கை ரேகை அழியத் தேய்த்துப் பார்த்தாள். பட்டுத் துண்டு சிக்கியது. அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது, அந்த யோசனை வந்த நேரம் சரியில்லை. மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை அவள் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள், இழுப்பறை ஓடத் தேய்க்க. அதையே விளிம்பு முழுக்கத் தேய்த்து, துணியால் பளபளக்கத் துடைத்தாள். பட்டுத் துண்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. கமலவேணி அசந்துபோய்ப் பணத்தைக் கையில் கொடுத்தார். ஏஞ்சலும் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

புரட்டாசி வெயிலும் கடையின் விளக்குச் சூடும் சேர்ந்து மெழுகை உருக்கிவிட்டன. ஸ்டாண்டில் விரித்திருந்த மயில்கழுத்துக் கலர் புடவையில் நீளமாக ஒரு கறை. காகிதம் வைத்துத் தேய்த்து மெழுகை எடுத்தார்கள். சுவடு மட்டும் போகவில்லை.

கமலவேணி கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது ஏஞ்சல் பதிலுக்கு அழுதிருப்பாள். புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "மறைக்கத் தெரியுது உனக்கு. செய்யத் தெரியுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ஏஞ்சலுக்குத் தலை நிமிரவில்லை.

"தெரியும்க்கா" என்றாள் கடைசியில்.

"அப்ப பெரிய படி செஞ்சு எடுத்துக்கினு வா. அமாவாசை அன்னிக்கு, என் கண்ணு எதுர, நானே பட்டு ஓட்டிப் பாப்பேன். மெழுகு, எண்ணெய், வார்னிஷு எதுவும் கூடாது, வெறும் மரம். சிக்கலன்னா உன் பேர தெரு முழுக்க நானே சொல்றேன். சிக்குச்சுன்னா எடுத்துக்கினு போயிடு, சாயங்காலமே வெங்கடேசனுக்கு ஃபோன் பண்ணி வேற படி வர வெச்சுக்கறேன்."

அந்த நாளிலிருந்துதான் ஏஞ்சலின் தலைக்குள் டிரிம்மர் சுற்ற ஆரம்பித்தது. டிரிம்மர் என்பது ஒரு கையில் பிடிக்கிற சின்ன மெஷின். அடியில் பிட் என்று ஒரு குட்டிக் கத்தி சுழலும். பலகையின் ஓரத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போனால் கூர் விளிம்பைச் சீவி உருட்டிவிடும், ஒரே சீராக, ஒரே வளைவாக. உப்புத்தாள் விளிம்பைத் தேய்க்கும், இது விளிம்பையே எடுத்துவிடும். இதில் இரண்டு ரகம். ஒன்று வயரோடு வருவது, மற்றது பேட்டரியில் ஓடுவது. அவள் கண் பேட்டரி மேல்.

வீட்டில் சந்தோஷ்குமார் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி வேன் ஓட்டுகிற மனுஷன். மனைவி மேல் உயிர், ஆனால் பேட்டரி மேல் நம்பிக்கை இல்லை. "வயர் வெச்சதே வாங்கேன் ஏஞ்சலு. பாதி விலை. பேட்டரிய நம்பி வேலைல எறங்கினா பாதில படுத்துக்கும், நீ செல்ஃபோன் மாதிரி சொவுத்துல சொருவிட்டு ஒக்காந்துக்கினு இருப்ப."

"வயரு பலகைல மாட்டி இழுக்குதுப்பா. கை லேசா அசைஞ்சா போதும், விளிம்பு பள்ளம்."

"வயர தோள்மேல போட்டுக்க."

"நீ ஸ்டியரிங்க தோள்மேல போட்டுக்கினு ஓட்டுவியா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்தாலும் சரியென்று சொல்லவில்லை.

ஹார்டுவேர் கடை பாலாஜியும் இழுத்தான். "அக்கா, நான் விக்கறவன், வாங்காதன்னு சொல்லக்கூடாது. ஆனா கதவு, நிலை மாதிரி பெரிய வேலைக்கு இது தாங்காது. வேங்கைல ஆழமா பள்ளம் எடுக்கணும்னா மூச்சு முட்டும். ரெண்டு பேட்டரி, சார்ஜரு எல்லாம் சேத்தா விலையும் எகிறிடும்."

நியாயமான பேச்சு. விற்கிறவன் வாயிலிருந்து அவ்வளவு நியாயம் வருவது அபூர்வம். ஏஞ்சல் கேட்டுக்கொண்டாள், கோபப்படவில்லை. ஆனால் அவள் வேங்கையைத் தொடுகிறவளா? அவளுடையது பைன், லேசான மரம். பள்ளம் எடுக்கிறவளும் இல்லை, விளிம்புதான் அவள் பிழைப்பு. அப்புறம் பேட்டரி. பையிலிருந்து தன் டிரில் மெஷினை எடுத்தாள். ஸ்க்ரூ முடுக்கப் போன வருஷம் வாங்கியது. அதே கம்பெனி. டிரில்லின் பேட்டரியைக் கழற்றி டிரிம்மரின் வாயில் செருகினாள். டக்கென்று உட்கார்ந்தது.

"பேட்டரியும் சார்ஜரும் என்கிட்டயே ரெண்டு ரெண்டா இருக்குதுப்பா. நீ வெறும் மெஷின மட்டும் குடு. இப்ப இன்னா விலை சொல்ற?"

பாலாஜி தலையைச் சொறிந்தான். விலை வயர் வைத்ததற்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்படியும் அவள் வாங்கிவிடவில்லை. வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்த பைன் துண்டைக் கடை வாசலில் வைத்து, அங்கேயே ஓட்டிப் பார்த்தாள். முதல் ஓட்டம் மானம் போகிற மாதிரி ஆனது. வலமிருந்து இடமாகத் தள்ளினாள். பிட் மரத்தைக் கடித்துக்கொண்டு மெஷினை அவள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது, விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. திருப்பி, இடமிருந்து வலமாகப் போனாள். இப்போது பணிந்தது, ஆனால் பயத்தில் ஓரிடத்தில் தயங்கி நின்றுவிட்டாள், மரம் கருகிப் புகைந்தது. மூன்றாவது ஓட்டத்தில் நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. நடந்தாள். விளிம்பு உருண்டு வந்தது. சேலை முந்தானையை அதன்மேல் வைத்து இழுத்தாள். அது பட்டில்லைதான், ஆனாலும் இழுத்த இழுப்புக்கு வந்தது.

"பில்லு போடு" என்றாள்.

அமாவாசை காலையில் சந்தோஷ்குமார் லீவு போட்டுவிட்டு, தெரிந்தவர் வேனில் படிகளை ஏற்றினான். ஒவ்வொரு பலகையும் நாலு பக்கமும் உருட்டப்பட்டு வெறும் மரமாகப் பளிச்சென்று இருந்தது. இரண்டு பக்கமும் சாய்வான பக்கப் பலகை, அதன்மேல் படிப்பலகைகள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு உட்காரும். ஏஞ்சல் வழியெல்லாம் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கடையில் போய் இறக்கினால், கரண்டு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். படியை மாட்டக் கரண்டு எதற்கு என்று ஏஞ்சல் அதைக் காதில் வாங்கவில்லை. கூடத்தில் படியை நிறுத்தப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது.

பட்டுக்கடைக் கூடம் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? சுவரிலிருந்து சுவர் வரை வெள்ளை மெத்தை விரித்திருக்கும். வாடிக்கையாளர்கள் அதில் உட்கார்ந்துதான் புடவை பார்ப்பார்கள். சுவரோரம் திண்டுகள் வேறு அடுக்கியிருக்கும். அளவெடுக்க வந்த அன்று ஏஞ்சல் மெத்தைமேல் நின்று, திண்டுக்கு மேலே, சுவருக்குச் சுவர் அளந்துகொண்டு போனாள். இன்று கொலுவுக்காக மெத்தையும் திண்டும் எடுத்தாகிவிட்டது. பார்த்தால், அந்தப் பழைய கட்டடத்தின் இரண்டு பக்கச் சுவரும் முழங்கால் உயரம்வரை தடித்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. படி உள்ளே போகாது. கீழ்ப் பலகை இரண்டு பக்கமும் இடிக்கிறது.

"கீழ்ப்படிய மட்டும் வெட்டிடலாமா?" என்றான் சந்தோஷ்குமார் மெதுவாக.

"கீழ குட்டையா மேல நெட்டையா இருந்தா கொலு வெச்ச மாதிரியா இருக்கும்? எல்லாத்தையும்தான் வெட்டணும்."

வெட்டுவது பெரிதில்லை, கை ரம்பம் போதும். வெட்டின முனை? பைன் மரத்தின் குறுக்குவெட்டு முனை, சிராய்க்குப் பிறந்த வீடு. பட்டு அங்கேதான் மடிந்து தொங்கும். கமலவேணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்டு சாயங்காலம்தான்மா வரும். அதுக்குள்ள நான் முடிவு பண்ணியாவணும். வெங்கடேசன சொல்லிடட்டுமா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் மறுநாள் கொலு.

"கரண்டு யாருக்குக்கா வேணும்?" என்றாள் ஏஞ்சல்.

பலகைகளைப் பின்கட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள், தூசு புடவைப் பக்கம் வரக்கூடாதென்று. சந்தோஷ்குமார் அமுக்கிப் பிடிக்க, அவள் ரம்பம் போட்டாள். ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியது. பிறகு டிரிம்மரை எடுத்தாள். குறுக்கு முனையில் ஓட்டினால் கடைசி மூலையில் மரம் பெயர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், வீட்டில் இரண்டு பலகை கெட்டுத்தான் அந்தப் பாடம் வந்தது. வெட்டி விழுந்த துண்டையே மூலைக்கு அண்டைகொடுத்து, "இத விடாம புடி" என்றாள். பிடித்தான். மெஷின் சீறியது. நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒரு முனை முடிந்தது. அடுத்தது. மறுபக்கம். வயர் எங்கே மாட்டும், எங்கே மிதிபடும் என்று பார்க்கிற வேலையே இல்லை. பலகையைச் சுற்றி அவள் நடந்தாள், அவ்வளவுதான்.

நடுவில் பேட்டரி விளக்கு ஒன்றொன்றாக அணைந்து மெஷின் நின்றது. சந்தோஷ்குமார் அவள் முகத்தைப் பார்த்தான். "சொன்னேன் பாத்தியா" என்று சொல்ல வாயெடுத்து, புத்திசாலி, சொல்லாமல் விட்டான். அவள் டிரில்லிலிருந்து அடுத்த பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். மெஷின் மறுபடி சீறியது.

பொழுது சாய்கிற நேரத்தில் படி கூடத்தில் நின்றது. இரண்டு பக்கமும் சுவரைத் தொடாமல், தொட்டுவிடுகிற மாதிரி. பெட்ரோமாக்ஸ் ஏற்றி வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பொம்மை தூக்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கமலவேணி இடுப்பிலிருந்து பட்டுத் துண்டை எடுத்தார்.

அப்போதுதான் ஏஞ்சல் அதைச் சொன்னாள். "துண்டு வேணாம்க்கா. முழுப் புடவை ஓட்டுங்க."

"இன்னா?"

"கல்யாணப் புடவையா ஓட்டுங்க. இருக்கறதுலயே ஒசந்தது. சிக்குச்சுன்னா நான் பொறுப்பு."

கமலவேணி அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அரக்குச் சிவப்பில் அகலச் சரிகை போட்ட ஒரு முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்தார். அதை மேல்படியில் போட்டு, வெட்டின முனை வழியாகவே தொங்கவிட்டு, நுனியைப் பிடித்து இழுத்தார். மெல்ல இல்லை, வேண்டுமென்றே வெடுக்கென்று. புடவை ஒவ்வொரு படியாக முனை தாண்டி முனை தாண்டி வழிந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. எங்கும் நிற்கவில்லை. மறுபக்கம் போட்டு இழுத்தார். அங்கும் நிற்கவில்லை. விளக்கருகே கொண்டுபோய் சரிகையை விரல்விட்டுத் தடவிப் பார்த்தார், இழை இழையாக.

"பாகுந்தி" என்றார் தன் பாஷையில், யாரிடமும் இல்லாமல். பிறகு ஏஞ்சலைப் பார்த்து, "நல்லா இருக்குதும்மா. ரொம்ப நல்லா இருக்குது" என்றார்.

ஏஞ்சலுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. அதை மறைக்கக் குனிந்து டிரிம்மரில் பிட்டை மாற்றினாள், எழுத்து வெட்டுகிற கூர் பிட்டை. "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அடில ஓரமா எம் பேர மட்டும் போட்டுக்கட்டுமா?"

"அடிலயா? அடில எதுக்கு?" கமலவேணி படியின் பக்கப் பலகையைத் தட்டிக் காட்டினார், வாசலைப் பார்த்திருக்கிற பக்கம். "இங்க போடு. குங்குமம் வாங்கிக்க வர்றவங்க, சுண்டல் வாங்கிக்க வர்றவங்க எல்லாம் படிக்கட்டும். சின்னதா போடாத."

பலகையைக் கழற்றி மறுபடி முற்றத்துக்குக் கொண்டுபோனாள். பேட்டரியில் ஒரே ஒரு விளக்குதான் மிச்சம். அது போதும் என்று அவளுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பென்சில் கோட்டின் மேலேயே மெஷினை நடத்தினாள். ஏஞ்சல், அதன் கீழே முசரவாக்கம். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு மரத்தூளை ஊதியபோது கரண்டு வந்து கூடமெல்லாம் வெளிச்சமானது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தோஷ்குமார் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். "எம் பேரு எங்க?"

"பேட்டரி வேணாம்னு சொன்னவங்க பேரெல்லாம் போடறதில்ல" என்றாள்.

கொலு முடிவதற்குள் அந்தத் தெருவிலேயே பல வீடுகள் அடுத்த வருஷத்துக்குச் சொல்லி வைத்துவிட்டன. பக்கத்து ஊர் கூரத்திலிருந்து ஒருத்தர் பூஜை அலமாரிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். பாலாஜி ஃபோனில் கூப்பிட்டு, மெஷின் எப்படி என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவள் நம்பரைக் கொடுப்பதாகச் சொன்னான். "நல்லதச் சொல்லு, வேங்கைக்கு ஆவாதுன்றதயும் சேத்துச் சொல்லு" என்றாள்.

விஜயதசமிக்கு அடுத்த நாள் வெங்கடேசனும் கூப்பிட்டார். குரலில் தேன் சொட்டியது. தீபாவளிக்கு ஸ்டூல் வேண்டுமாம், நிறைய வேண்டுமாம். "ஸ்டிக்கர் தீந்துபோச்சாம்மா? கட்டு ஒண்ணு குடுத்து அனுப்பட்டா?"

"வேணாண்ணா. ஸ்டூலு வேணும்னா செஞ்சு தரேன். பேர மரத்துலயே வெட்டிக் குடுத்துடறேன்."

"யார் பேர?" என்றார்.

"எம் பேரதான்" என்றாள் ஏஞ்சல்.